சதுர அடி 2,300 ரூபாய் என்றால் 1,000 சதுர அடி வீட்டுக்கு 23 லட்சம் போதுமா?

வாசகர் கேள்வி, 9 பிப்ரவரி 2025

கோவில்பட்டிக்கு வெளியே 3 செண்ட் மனை இருக்கிறது. அப்பா வாங்கியது. 1,000 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு கட்ட ஆசை. பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். ஆக 23 லட்சம். கையில் 9 லட்சம் இருக்கிறது, வங்கியில் 15 லட்சம் கடன் வாங்கலாம். ஒரு லட்சம் மிச்சம் நிற்கும். தனியார் வேலையில் என் சம்பளம் 42,000, மனைவிக்கு 16,000. சித்திரையில் தொடங்கலாம் என்று இருக்கிறோம். கட்டி முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

10 பிப்ரவரி 2025

போதாது.

"ஒரு லட்சம் மிச்சம்" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி. 2018-இல் இதே ஊரில், இதே கணக்கைப் போட்டு, மிச்சப் பணத்தில் தேக்கு ஊஞ்சல் வாங்குவதாக இருந்தவள் நான். ஊஞ்சலுக்கான கொக்கி மட்டும் இன்றைக்கும் கூடத்துக் கூரையில் தொங்குகிறது.

என் வீடு 1,080 சதுர அடி, ஒப்பந்தம் சதுர அடிக்கு 1,750. வீட்டுக்காரர் மஸ்கட்டில். நான் பள்ளிக்குப் போகும் வழியில் காலை எட்டுக்கு ஒரு தடவை, திரும்பும்போது நாலரைக்கு ஒரு தடவை மனையில் நிற்பேன். 18 லட்சத்து 90 ஆயிரத்துக்குப் பேசிய வீடு, முடியும்போது 24 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஒப்பந்தக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. (அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.) அவர் சொன்ன விலை, அவர் மனத்தில் இருந்த வீட்டுக்குச் சரியான விலைதான். அந்த வீட்டுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, கேட் இல்லை. ஆழ்துளைக் கிணறு, தரைத்தொட்டி, செப்டிக் டேங்க், மின் இணைப்பு, வரைபட அனுமதி, சமையலறை அலமாரி எதுவும் இல்லை. அஸ்திவாரம் நாலடியோடு நின்றுவிடும். தரை டைல்ஸ் சதுர அடிக்கு 45 ரூபாய்க்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்குப் போய்ப் பார்த்தால் 45 ரூபாய் டைல்ஸ் குளியலறைக்குக்கூடப் பிடிக்காது.

எனவே உங்கள் ஒப்பந்தக்காரரிடம் "2,300-இல் எதெல்லாம் சேராது" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எதெல்லாம் சேரும் என்று கேட்டால் அழகான பட்டியல் ஒன்று கொடுப்பார், சுவிட்ச் வரைக்கும் கம்பெனிப் பெயரோடு. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சதுர அடியை எப்படி அளப்பார் என்பதையும் கேளுங்கள். போர்டிகோ முழுக் கணக்கா, பாதியா? மாடிப்படிக்கு மேல் வரும் அறை? சன்ஷேடு? இந்த மூன்றில் மட்டும் எனக்கு ஐம்பது சதுர அடி தகராறு வந்தது.

10 பிப்ரவரி, இரவு

கேட்க மறந்தவை: மண் கரிசலா, செம்மண்ணா? பட்டா அப்பா பெயரிலா, உங்கள் பெயரிலா? அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா? இவை தெரியாமல் சித்திரையில் நாள் குறிக்க வேண்டாம்.

12 பிப்ரவரி 2025

"24 லட்சத்தைத் தாண்டியது" என்று எழுதியது தப்பு. ஞாபகத்திலிருந்து எழுதினேன். இன்று பரணில் ஏறி, வீட்டு வேலைக் கணக்கு எழுதிய பதிவேட்டை எடுத்துவிட்டேன். அது உண்மையிலேயே பள்ளி வருகைப் பதிவேடுதான். கடையில் காசு கொடுத்து வாங்கியது, பள்ளிக்கூடத்துச் சொத்து இல்லை. கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் எல்லோருக்கும் தினமும் ஆஜர் போட்டிருக்கிறேன். ஒரு கொத்தனார் பெயருக்கு நேரே சிவப்பு மையில் "தாமதம்" என்று நான்கு இடத்தில் இருக்கிறது. பின்பக்கம் செலவுக் கணக்கு:

ஒப்பந்தத் தொகை 18,90,000
அஸ்திவாரம் கூடுதல் ஆழம் 1,35,000
சுற்றுச்சுவர், கேட் 1,62,000
ஆழ்துளைக் கிணறு, மோட்டார் 98,000
செப்டிக் டேங்க், தரைத்தொட்டி 1,05,000
மின் இணைப்பு, வரைபடம், அனுமதி 46,000
அலமாரிகள் 1,10,000
கிரகப்பிரவேசம் 95,000

கூட்டினால் 26,41,000. சதுர அடிக்கு 2,445. பேசியது 1,750! கட்டிய 14 மாதமும் கொடுத்த வீட்டு வாடகை, மாதம் 6,500 வீதம் 91,000 ரூபாய், இதில் சேரவில்லை.

கிரகப்பிரவேசத்தை வீட்டுச் செலவில் சேர்க்கலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். பணம் ஒரே பையிலிருந்துதானே போயிற்று? வேண்டாமென்றால் கழித்து 25,46,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மாமியார் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஆக, ஒப்பந்தத் தொகையைப்போல் 1.4 மடங்கு ஆகிறது. உங்கள் 23 லட்சம் 32 லட்சமாகும். கடனோடு சேர்த்துக் கையில் இருப்பது 24. வீட்டைச் சிறிதாக்குங்கள். 760 சதுர அடி என்றால் 17,48,000, அதை 1.4-ஆல் பெருக்கினால் 24 லட்சத்து 47 ஆயிரம். ஏறத்தாழச் சரியாக வருகிறது.

13 பிப்ரவரி 2025

நேற்றைய கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் நானே வட்டம் போட்டிருப்பேன்.

வீடு சிறுத்தால் சுற்றுச்சுவர் சிறுக்காது. ஆழ்துளைக் கிணறும், செப்டிக் டேங்கும், கேட்டும், மின் இணைப்பும் 760 சதுர அடிக்கும் அதேதான். கிரகப்பிரவேசப் பந்தியில் உட்காருபவர்களும் குறைய மாட்டார்கள். என் கூடுதல் செலவு 7 லட்சத்து 51 ஆயிரம். அதில் அஸ்திவாரமும் அலமாரியும் மட்டும்தான் வீட்டின் அளவோடு கூடிக் குறையும். சின்ன வீட்டுக்குச் சதுர அடி விலை என்பது பெரிய வீட்டைவிட மோசமான வழிகாட்டி.

அதனால் பெருக்கல் வேண்டாம், பட்டியல் போடுங்கள். பக்கத்து மனைக்காரர் ஏற்கெனவே கட்டிய சுவர் இருந்தால் அந்தப் பக்கம் மிச்சம். குழாய்த் தண்ணீர் வருமானால் ஆழ்துளைக் கிணற்றைத் தள்ளிப்போடலாம். அலமாரிக்குக் கதவு பிறகு போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். ஆனால் மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் போவதைத் தள்ளிப்போட முடியாது.

16 பிப்ரவரி 2025

ஒப்பந்தக்காரர் கதை.

எனக்குக் கொடுத்த தவணை அட்டவணை: முன்பணம் 10 சதவீதம், பேஸ்மெண்ட் (தரை மட்டம் வரை எழும் அடித்தளம்) 20, லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னல்களின் மேல் மட்டம்) 20, கூரை 25, பூச்சு 15, தரையும் பெயின்ட்டும் 7, சாவி 3. படித்தபோது நியாயமாகத்தான் தெரிந்தது. கூரைக் கான்கிரீட் போட்ட அன்றைக்கு 75 சதவீதம், அதாவது 14 லட்சத்து 17 ஆயிரம், கொடுத்து முடித்திருந்தேன். எதிரே நின்றது செங்கல் சுவரும் ஒரு கூரையும். பூச்சு, வயரிங், குழாய், தரை, கதவு, ஜன்னல், பெயின்ட் எல்லாம் பாக்கி. உண்மையான செலவில் பாதிக்கு அருகே இன்னும் அவர் கையிலிருந்து போக வேண்டும், என்னிடமிருந்து வர வேண்டியதோ கால் பங்கு.

மறு வாரத்திலிருந்து ஆள் வரவில்லை. பதிவேட்டில் 47 நாள் வெறும் கட்டங்கள். போன் செய்தால் "சார் எப்போது ஊருக்கு வருகிறார்?" என்று கேட்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நான், கடன் என் பெயரில். ஆனாலும் சார் வர வேண்டுமாம். வேறு ஊரில் இன்னொரு வீட்டுக்கு முன்பணம் வாங்கி அங்கே பேஸ்மெண்ட் போட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

இன்று பேசுவதானால் இப்படிப் பேசுவேன்: முன்பணம் 5, பேஸ்மெண்ட் 18, லிண்டல் 15, கூரை 20, பூச்சு 17, தரையும் கதவும் 15, பெயின்ட் 5, சாவி கொடுத்து மூன்று மாதம் கழித்து 5. கூரையோடு 58. வேலை முன்னே போக வேண்டும், பணம் இரண்டடி பின்னே நடக்க வேண்டும்.

வங்கிக்கும் ஓர் அட்டவணை உண்டு. முதலில் உங்கள் கைப்பணம் செலவாகியிருக்க வேண்டும். பிறகு அவர்கள் பொறியாளர் வந்து பார்த்து, எழுந்த வேலைக்குத் தக்கபடி கடனைக் கட்டம் கட்டமாக விடுவார்கள். ஒப்பந்தக்காரரின் கட்டமும் வங்கியின் கட்டமும் ஒரே இடத்தில் விழ வேண்டும். எனக்கு விழவில்லை. கூரைக்குக் காசு கேட்ட நாளுக்கும் வங்கி விட்ட நாளுக்கும் நடுவே 23 நாள். அந்த 23 நாளும் என் வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன.

2 மார்ச் 2025

தம்பி பதில் போட்டிருக்கிறார். மண் கரிசல். பட்டா அப்பா பெயரில். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை, 2009-இல் வாங்கியது. மூன்றும் தலைவலிதான், ஆனால் மருந்து இருக்கிறது.

கடைசியிலிருந்து வருகிறேன். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-இல் தடை போட்டது. 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு வழி விட்டது. உங்களுடையது 2009 என்பதால் அதற்குள் வரும். மனைப்பிரிவு முழுவதும் ஏற்கெனவே வரன்முறை ஆகியிருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் பாருங்கள். ஆகியிருந்தால் உங்கள் மனைக்குரிய கட்டணத்தைக் கட்டி உத்தரவு வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வரைபட அனுமதி கிடைக்காது, வங்கியும் கோப்பைத் திறக்காது.

அப்பா பெயர்: இரண்டு வழி. அவரையும் கடனில் சேர்த்துக்கொள்ளலாம். வயதானவர் என்றால் தவணைக் காலத்தைக் குறைப்பார்கள். அல்லது தான செட்டில்மெண்ட் எழுதிக்கொள்ளலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000; பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. விலைக்கு எழுதினால் 7-உம் 2-உம் சேர்த்து 9 சதவீதம். அக்கா தங்கை இருந்தால் எழுதும் முன் அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். இதைச் செய்யாமல் வீடு கட்டி, ஒரே தெருவில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

3 மார்ச் 2025

விட்டுப்போனது: 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. 3 செண்ட் என்பது 1,307 சதுர அடி, தாராளமாக உள்ளே வரும். நான் 2018-இல் அலுவலகத்துக்கு ஒன்பது தடவை நடந்தேன். பொறாமையோடுதான் இதை எழுதுகிறேன். சுயசான்று என்றால் தப்பும் சுயமாகத்தான். வரைபடத்தில் விட்ட காலி இடத்தைக் கட்டும்போது விழுங்கிவிடாதீர்கள்.

20 ஏப்ரல் 2025

சித்திரை பிறந்துவிட்டது, தம்பி இன்னும் தொடங்கவில்லை. நல்லதாயிற்று. இந்த வாரம் குவாரி, கிரஷர் வேலைநிறுத்தத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு பேஸ்மெண்டோடு நிற்கிறது. ஜல்லியும் இல்லை, எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) இல்லை.

எம்-சாண்ட் பற்றி ஒன்று. கிரஷர் தூளைக் கொட்டிவிட்டு எம்-சாண்ட் என்பார்கள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் உதிராமல் நின்றால் திருப்பி அனுப்புங்கள். பூச்சுக்கு பி-சாண்ட், அது வேறு. பிறகு அளவு: ஒரு யூனிட் 100 கன அடி. 3 யூனிட் என்று வந்த லாரியை இறக்கும் முன் டேப் வைத்து அளந்தேன். நீளம் 14, அகலம் ஏழரை, உயரம் இரண்டரை. 262 கன அடிதான் வருகிறது. "டீச்சர், லாரியை எல்லாம் யாரும் அளக்க மாட்டார்கள்" என்றார் டிரைவர். அடுத்த லோடு 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது.

கம்பிக்கும் ஒரு கணக்கு உண்டு. மில்லிமீட்டர் அளவை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம், ஏறக்குறைய 10.67 கிலோ. டன் கணக்கில் விலை போட்டாலும் கம்பிகளை எண்ணி இறக்குங்கள். இதை வகுப்பில் சொன்னபோது கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறிப்பு எடுத்தான். அவன் அப்பா கம்பி கட்டுகிறவர்.

8 ஜூன் 2025

நேற்று முன்தினம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனின் வட்டி) 5.50 சதவீதம் ஆக்கிவிட்டது. பிப்ரவரித் தொடக்கத்தில் 6.50. கடன் வாங்கப்போகிறவருக்கு நல்ல சகுனம், ஏற்கெனவே வாங்கியவர்கள் தூங்கக் கூடாது.

என் கடன் 2018-ஆம் வருடத்தது. அப்போது எம்சிஎல்ஆர் என்ற வங்கியின் சொந்த அடிப்படை வட்டி. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தன. பழையவர்கள் கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள். நான் நாலு வருடம் கேட்கவில்லை! சக ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் போனேன். மாற்றுக் கட்டணம் சில ஆயிரம், ஒரு மனு, ஒரு கையெழுத்து.

உங்கள் 15 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்று வைத்துப் பார்த்தேன். 20 வருடம் என்றால் மாதம் 13,017. மொத்த வட்டி 16 லட்சத்து 24 ஆயிரம். 15 வருடம் என்றால் மாதம் 14,771. வட்டி 11 லட்சத்து 59 ஆயிரம். மாதம் 1,754 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 4 லட்சத்து 65 ஆயிரம் மிச்சம். ஆனாலும் 20 வருடத்துக்கே கையெழுத்துப் போடுங்கள் என்பேன். தனியார் வேலை, கட்டாயத் தவணை குறைவாக இருப்பது நல்லது. கையில் வரும்போது கூடுதலாகக் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி. அப்படிக் கட்டும்போது "தவணைத் தொகை மாறாமல் காலம் குறையட்டும்" என்று எழுதிக் கொடுங்கள்.

9 ஜூன் 2025

வரிச்சலுகையைக் காட்டி 25 லட்சம் கடன் வாங்கச் சொல்கிறாராம் ஒரு முகவர். தம்பி, உங்களுக்கு வரியே கிடையாது. சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில் இல்லை. வருடம் 5 லட்சம் சம்பளத்துக்கு எந்த முறையில் போட்டாலும் வரி வராது. மொட்டைத் தலைக்குச் சீப்பு விற்கிறார்.

அதைவிட, மனை நகர்ப்புற எல்லைக்குள் வருமா என்று விசாரியுங்கள். பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-இல், குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருந்தால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையில். உங்கள் இருவர் வருமானம் 6 லட்சத்து 96 ஆயிரம்.

14 ஜூலை 2025

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய படம் பார்த்தேன். நாலடியில் இன்னும் கரிசல்தான். மேஸ்திரி "போதும், மணல் போட்டுக் கான்கிரீட் போடலாம்" என்கிறாராம். வேண்டாம்.

கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனியில் நம் ஊர்க் காட்டில் வெடிப்புக்குள் கை போகும். அதன்மேல் நிற்கும் சுவர் என்ன செய்யும்? எங்கள் எதிர்வரிசையில் நாலடியில் நிறுத்திய வீடு ஒன்று இருக்கிறது. கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து வெடிப்பு திறக்கும், ஐப்பசி மழையில் மூடும். வருடா வருடம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார்கள். என் வீட்டில் ஐந்தரை அடியில் சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புப் பாறை) தட்டியது. அதுவரை போனோம். அந்த 1,35,000-க்கு அப்போது அழுதேன். பட்டியலிலேயே வருத்தமில்லாத வரி இப்போது அது ஒன்றுதான்.

குழிக்கு எவ்வளவு ஆழம், என்ன கம்பி என்பதை நானோ மேஸ்திரியோ சொல்லக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் குழியைக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் உங்கள் கேட்டின் விலையைவிடக் குறைவாக இருக்கும்.

17 ஜூலை 2025

ஆறரை அடியில் சுக்கான். சந்தோஷம். தோண்டிய கரிசலையே திருப்பிக் குழியில் தள்ளுவார்கள், விடாதீர்கள். பேஸ்மெண்டுக்குள்ளும் கிராவல்தான் போக வேண்டும், அரையடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். தரை மட்டத்தில் வீட்டைச் சுற்றிப் பெல்ட் கான்கிரீட்.

தண்ணீரையும் பாருங்கள். நம் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. ஒரு பாட்டிலில் பிடித்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள்.

24 செப்டம்பர் 2025

முந்தாநாள் முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம். வரியோடு 400 ரூபாய்க்கு விற்ற மூட்டை 369 ரூபாய்க்கு வர வேண்டும். மொத்த ஒப்பந்தத்தில் இந்த 31 ரூபாய் யார் பைக்குப் போகும்? விலை ஏறியபோது "கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டவர், இறங்கும்போது தானாகக் குறைக்க மாட்டார். தம்பி கேட்டுப் பார்த்தாராம். கடைசியில் சமையலறை மேடைக்கு நல்ல கிரானைட் போட்டுத் தருவதாகச் சமாதானம். மோசமில்லை.

5 அக்டோபர் 2025

கூரை நெருங்குகிறது. சிமெண்ட் மூட்டை எண்ணுவது எப்படி என்று தம்பி கேட்டிருக்கிறார்.

ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் 100 கன அடிக் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 23 மூட்டை சிமெண்ட். என் கூரை 1,080 சதுர அடி, ஐந்து அங்குலக் கனம், 450 கன அடி. 103 மூட்டை ஆக வேண்டும். அன்று லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். மாலையில் காலிப் பைகளை எண்ணினால் 88. பதினைந்து மூட்டை எங்கே? மேஸ்திரி சிரித்துக்கொண்டே "இதெல்லாம் பேப்பர் கணக்கு டீச்சர்" என்றார்.

7 அக்டோபர் 2025

பொறியாளர் ஒருவர் குறுக்கிட்டிருக்கிறார், சரியாகத்தான். மாடிப்படிக்கு விட்ட திறப்பை நான் கழிக்கவில்லை. ஏழுக்குப் பதினாலு, 98 சதுர அடி. மிச்சம் 982 சதுர அடி, 409 கன அடி, 94 மூட்டை. ஆறு மூட்டைதான் குறைகிறது. ஏழு வருடமாக அந்த மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஒன்பது மூட்டை அளவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

8 அக்டோபர் 2025

மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். கழிக்க வேண்டியதைச் சொன்ன பொறியாளர் கூட்ட வேண்டியதைச் சொல்லவில்லை. கூரைக்குக் கீழே இறங்கிய பீம்களும் அன்றைக்கேதான் போடப்பட்டன. அவற்றின் கான்கிரீட்டைச் சேர்த்தால் 103-க்கும் மேலே போகிறது. அந்தக் கூரையில் வடகிழக்கு மூலையில் இன்றும் கார்த்திகை மழைக்கு ஒரு ஈரத்தழும்பு வருகிறது. சிமெண்ட் குறைந்ததாலா, மொட்டைமாடியில் தட்டோடு பதித்த லட்சணத்தாலா, உடைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

தம்பிக்குத் தேவையானது இவ்வளவுதான்: போடும் முன்பே கன அடியைப் பொறியாளரிடம் எழுதி வாங்கி, மூட்டைக் கணக்கை மேஸ்திரியிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். மாலையில் எண்ணுவது சண்டைக்குத்தான் உதவும். மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஊற்றினால் வாரி இறைக்கச் சுலபம், வலு போய்விடும். ஊஞ்சல் கொக்கி வேண்டுமென்றால் கம்பி கட்டும்போதே சொல்ல வேண்டும்.

16 நவம்பர் 2025

ஐப்பசி முழுவதும் மழை பார்த்துப் பார்த்துத் தள்ளி, இன்று கூரை போட்டாயிற்றாம். மதியம் தூறலுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்களாம். படத்தில் அப்பா குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், கான்கிரீட்டுக்கு.

நாளைக் காலையிலேயே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். மேஸ்திரி மூன்று நாள் என்பார். இப்போது கிடைப்பது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட், அதற்குக் குறைந்தது பத்து நாள். எங்கள் வீட்டில் இந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். காலை ஐந்து மணிக்குத் தூண்களில் சுற்றிய சாக்குக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் காபி. கிரகப்பிரவேசச் செலவு அவருக்குப் போட்ட சம்பளம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மாடிக்கென்று தூண்களில் விட்ட கம்பியை வெறுமனே நிற்க விடாதீர்கள். என் வீட்டில் ஏழு வருடமாகக் கொக்கு மாதிரி நிற்கின்றன, துருப்பிடித்து. சிமெண்ட் பால் தடவி, மட்டமான கலவையில் மூடிவிட்டால் பிறகு உடைத்து எடுக்கலாம். பூச்சுக்கு முன் சுவருக்குள் போகும் குழாய், வயர் எல்லாவற்றையும் பக்கத்தில் டேப்பை விரித்துப் படம் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை; சாமி படம் மாட்டத் துளைபோட்டுப் பாத்ரூம் குழாயை ஓட்டையாக்கினேன்.

24 நவம்பர் 2025

நாளைக்குப் பலகை பிரிக்க வருகிறார்களாம், எட்டு நாள்தான் ஆகிறது. கூரையின் பெரிய அறை 14 அடி, அதாவது நாலரை மீட்டருக்குள். விதிப்படி ஏழு நாளில் முட்டு எடுக்கலாம் என்பது சாதாரண சிமெண்டுக்கு. பிபிசிக்கு இன்னும் சில நாள் விடுங்கள். பீமுக்கு எப்படியும் பதினாலு நாள், 30-ஆம் தேதிக்கு முன் தொடக் கூடாது. பலகைக்காரருக்கு அடுத்த வீட்டில் வேலை இருக்கும், ஒப்பந்தக்காரருக்கு வாடகை ஏறும், இரண்டு பேரும் உங்களை அவசரப்படுத்துவார்கள். பொறியாளருக்குப் போன் போட்டு மேஸ்திரியிடமே கொடுத்துவிடுங்கள். "ஒரு வாரப் பலகை வாடகையை நான் தருகிறேன்" என்று சொல்லி, அதையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி வருகைப் பதிவேடு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும். ஒருவருடம் ஓடும் தடிப் பதிவேடாகவே வாங்கச் சொல்லுங்கள்.